பட்டறைக்கு ஒரு மரண விசாரணை

நெற்பட்டறை எந்த ஆண்டு செத்தது என்று கிழக்கிலங்கையின் வினாயகபுரத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு ஆண்டைச் சொல்வார்கள். வயசாளிகள் 1978 சூறாவளி என்பார்கள். அவர்களுக்கு இளையவர்கள் 1990 என்பார்கள். கடற்கரைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு 2004. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அப்படியொன்று வீட்டுக்குள் நின்றதே தெரியாது. ஒரு சாவுக்கு இத்தனை திகதி சொன்னால், இதில் ஏதோ கிடக்கிறது என்று மரண விசாரணை அதிகாரி நினைக்கத்தான் செய்வார். என் கட்சி வேறு. சூறாவளியும் போரும் கடலும் அதை அடித்துப் படுக்கையில் போட்டன, கொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அது எழும்பி நடமாடியது. உயிர் போனது ஒரு நல்ல வெயில் நாளில், வயல் வரம்பில், லொறிக்காரர் காசை எண்ணி நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில். யாரும் அழவில்லை. கையில் காசு வந்த சந்தோஷம்தான்.

எங்கள் வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் அந்தப் பட்டறை உள்ளறைச் சுவரோரமாக நின்றது. நாலு கருங்கல், அதன்மேல் மரச்சட்டம், சுற்றிவரப் பலகை. முன்பக்கப் பலகைகளுக்கு மட்டும் ஆணி கிடையாது. சட்டத்துக் காடியில் செருகி நிறுத்தியிருக்கும். மாசி, பங்குனியில் நெல் ஏற ஏற ஒவ்வொரு பலகையாகச் செருகி உயர்த்துவார்கள். பிறகு நெல் இறங்க இறங்க மேற்பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார்கள். எத்தனை பலகை நிற்கிறது என்று பார்த்தாலே வீட்டின் இருப்பு தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, பெத்தாவுக்கு அதுதான் வங்கிப் புத்தகம். அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழைய பாய் விரித்திருக்கும். வசதி குறைந்த வீடுகளில் பலகைக்குப் பதில் பாயைச் சுற்றி நிறுத்திக் கயிற்றால் இறுக்குவார்கள். அதுவும் முடியாதவர்கள் தட்டுப் போட்டுச் சாக்குகளை அடுக்கிவைப்பார்கள். பெரிய வயற்காரரான போடிமார் வீட்டில் நெல்லுக்கென்று தனி அறையே இருக்கும். எந்தக் கோலத்தில் இருந்தாலும் வீட்டில் மழை ஒழுகாத இடம் அதற்குத்தான். மனிசர் படுக்கிற இடம் ஒழுகினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு மூலைக்குப் போகலாம். நெல்லுக்குக் கால் இல்லையே.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேணும்? இலங்கையில் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோ அரிசி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருள்ள வீட்டுக்கு 660 கிலோ. நெல்லைக் குத்தினால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும். ஆகவே ஒரு தொன் நெல், பதினாறு மூடையளவில் வரும். பெத்தாவுக்குக் கிலோ தெரியாது, பழைய அளவைகளான அவணமும் மரைக்காலும்தான். சோற்றுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, சடங்குக்கும் செத்தவீட்டுக்கும் இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே பிரித்து வைத்திருப்பா. பங்கு பிரித்த பிறகு மிஞ்சுவதுதான் விற்பனைக்கு. இப்போது கணக்கு தலைகீழ். முதலில் விற்பது, மிஞ்சினால் சாப்பாடு.

அரிசியாக இல்லாமல் நெல்லாக ஏன் வைத்தார்கள் என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. அரிசியில் சில மாதத்திலேயே வண்டு பிடிக்கும். நெல்லுக்கு உமி என்ற சட்டை இருக்கிறது; நன்றாகக் காய்ந்திருந்தால் வருஷம் தாண்டியும் கிடக்கும். நன்றாகக் காய்ந்திருந்தால் என்பதுதான் விஷயம். விவசாயத் திணைக்களத்து ஐயாமார் நூற்றுக்குப் பதினாலு பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பார்கள். பெத்தாவின் மீட்டர் அவ வாயில் இருந்தது. காயப்போட்ட நெல்லில் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பா. ‘டக்’ என்று முறிந்தால் பட்டறைக்கு. நசுங்கினால் இன்னொரு வெயில். பல்லு போன காலத்தில் என்னைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லி, தான் காதைக் கொடுத்துக் கேட்டா. சத்தத்தில் திருப்தி இல்லையென்றால் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. அதோடு வேலை முடியவில்லை. வேப்பிலையைக் காயவைத்து இடையிடையே தூவ வேணும். எலிக்குப் பூனை வளர்க்க வேணும். அந்துப்பூச்சி பறக்கிறதா என்று விளக்கோடு போய்ப் பார்க்க வேணும். பறந்தால் முழுவதையும் வெளியே அள்ளித் திரும்பக் காயவைக்க வேணும். சும்மா கிடக்கிற நெல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒரு சீக்காளியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்கள்.

எங்கள் கரையின் பஞ்சாங்கத்தை அறிந்தால்தான் இந்தப் பாடு எதற்கென்று விளங்கும். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் றோட்டின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். சாகாமம் குளத்துத் தண்ணியும் கஞ்சிகுடிச்சாற்றுத் தண்ணியும் பாயும் பூமி. பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது. எங்கள் அம்பாறை மாவட்டம் நாட்டில் நெல் விளையும் முதல் வரிசை மாவட்டங்களில் ஒன்று. ஆனால் கார்த்திகை தொடக்கம் தை வரைக்கும் இங்கே வயலில் பச்சை இருக்கும், அடுப்பில் ஒன்றும் இருக்காது. கூலி வேலை குறைவு. கடல் கொந்தளிப்பு, தோணி இறங்காது. வாடைக்காற்றோடு மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது, வெள்ளம் வந்து றோட்டை மூடும். சூறாவளி வந்தாலும் அந்த மாதங்களில்தான் வரும். 1957 வெள்ளம் மார்கழியில். 1978 சூறாவளி நவம்பர் 23. 2004 சுனாமியில் கடல் வந்தது டிசம்பர் 26. கடல் ஒன்றுதான் பருவத்தோடு சம்பந்தமில்லாமல் வந்தது. ஆனால் அதுவும் நெல் குறைந்த காலத்தில்தான் வந்து நின்றது. ஆக, பட்டறையில் கடைசி நாலு பலகை எப்போதும் அந்த மூன்று மாதத்துக்கென்று ஒதுக்கியது. புரட்டாசியில் அதில் கைவைக்க வீட்டு ஆம்பிளைக்கும் உரிமை இல்லை.

உரிமை என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கரையில், தமிழரானாலும் சோனகரானாலும், வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுவார்கள். அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விலாவாரியாக எழுதினார். வயல் ஆணின் பெயரில் இருக்கலாம். தண்ணி பங்கிடும் வட்டவிதானையோடு சண்டை பிடிப்பதும் அவன்தான். ஆனால் நெல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அது வீட்டுக்காரியின் நெல். கடன்காரன் வந்து நின்றால், ‘வயல்ல கிடக்கிறத எடுத்துக்கோ, வீட்டு நெல்லக் கேக்காத’ என்று சொல்லலாம், கேட்கிறவனும் மானம் பார்த்துப் போய்விடுவான். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பு அது. பட்டறை போனதைப் பற்றிப் பேசும் ஆண்கள் ‘பழைய காலம்’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். பெண்கள் பேசும்போது குரலில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. போனது அவர்களுடைய சொத்து.

பட்டறைக்குக் கீழே ஒரு குட்டிப் பட்டறையும் இருந்தது: பிடியரிசித் தகரம். உலைக்கு அரிசி அளந்து எடுத்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் திரும்பத் தகரத்தில் போடுவது. சாப்பாட்டில் ஒரு பிடி குறைந்ததை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மாதம் முடிய ஒரு நேரத்துச் சமையலுக்கும் மேல் சேர்ந்திருக்கும். சோனக ஊர்களில் பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் இந்தப் பிடியரிசி போவதுண்டு. அறுவடை நெல்லுக்குக் கட்டாய தர்மமான ஸகாத் தனி: மழையை நம்பி விளைந்தால் பத்தில் ஒரு பங்கு, செலவழித்துத் தண்ணி பாய்ச்சி விளைத்தால் இருபதில் ஒரு பங்கு. அப்பாவின் கூட்டாளி ஒருவர் அக்கரைப்பற்றில் இருந்தார். அவர் வீட்டு மூத்தம்மா ஸகாத் நெல்லை அளக்கும்போது மரைக்காலின் தலையைத் தட்டமாட்டா. குவிந்தபடியே கொடுப்பா. ‘அல்லாஹ்ட கணக்குல தட்டிப் பாக்கிற நாமளாகா?’ என்பா. விற்கும்போது தட்டத் தெரிந்த அதே கைதான்.

நெல் அந்த நாளில் கையிருப்பாகவும் இருந்தது, காசாகவும் இருந்தது. சூடு மிதிக்கும் களவெட்டிக்கு ஐஸ்பழக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். கச்சான்காரி வருவா. காசு கேட்கமாட்டார்கள், ஒரு சுண்டு நெல்லுக்கு ஒரு ஐஸ்பழம். வீட்டு வாசலுக்குக் கருவாடு வரும், சட்டிபானை வரும், மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரன் வரும். எல்லாவற்றுக்கும் நெல்லைக் கொடுக்கலாம். அயல் வீட்டுக்காரி வந்து இரண்டு மரைக்கால் கேட்டால் கொடுத்து, வெட்டின பிறகு இரண்டு மரைக்காலே திரும்ப வாங்கினார்கள். இடையில் விலை ஏறியிருந்தால் என்ன, இறங்கியிருந்தால் என்ன, நெல்லுக்கு நெல். இதில் வட்டி வாங்கியவர்களும் இருந்தார்கள். ஊருக்குள் அவர்கள் யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும்; இங்கே எழுதிப் பழைய கோபத்தைக் கிளப்ப நான் வரவில்லை.

இனி விசாரணைக்கு வருவோம்.

முதல் சந்தேகநபர், அரசாங்கம். 1970க்கும் 1977க்கும் இடையில் நாட்டில் அரிசி தட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை அமைத்தார்கள். அரிசியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தனியார் கொண்டுபோகாமல் றோட்டில் தடி போட்டு மறித்துச் சோதித்தார்கள். இந்தத் தடியைச் சிங்களத்தில் ‘ஹால் பொல்ல’ என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் இப்போதும் சிரிப்பார்கள், கொஞ்சம் கசப்போடு. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அரிசி கொண்டுபோன தாய்மார் சீலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் இது பட்டறையைக் கொல்லவில்லை. கொழுக்க வைத்தது. கடையில் இல்லாத சாமான் வீட்டில் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. இவரை விடுதலை செய்யலாம்.

இரண்டாவது, சூறாவளி. 1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையில் ஆயிரம் பேரளவில் செத்தார்கள். தென்னந்தோட்டங்கள் தரையோடு தரையாகின. கூரை போன வீடுகளில் பட்டறை நெல் விடியவிடிய நனைந்தது. நனைந்த நெல் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். அதற்குப் பிறகு அது விதையுமல்ல, சாப்பாடுமல்ல. எங்கள் தெருப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விழுந்த தென்னையையும் முறிந்த வேம்பையும் விறகாக்கி, கோயில் கிடாரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, நனைந்த நெல்லை அப்படியே அவித்தார்கள். அவித்தால் முளை நின்றுவிடும். புழுங்கல் அரிசிக்கு எப்படியும் அவிக்கத்தானே வேணும். மழை விட்ட இடைவெளியில் கிழிந்த தகரத்தின் மேல் பரப்பிக் காயவைத்தார்கள். உலக்கை ஓய்வில்லாமல் விழுந்தது. அந்த அரிசிச் சோற்றில் ஒரு புளித்த வாடை இருந்ததாம். நிவாரணக் கோதுமை மா வந்து சேரும்வரை தெரு அதைத்தான் தின்றது. பெத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது வாடையைப் பற்றித்தான் அதிகம் முறையிடுவா. பசியைப் பற்றிச் சொன்னதேயில்லை.

மூன்றாவது, போர். இது கொஞ்சம் சிக்கல். 1990 யூனில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது இந்தக் கரை முழுதும் ஓடியது. தமிழர் ஒரு பக்கம், சோனகர் ஒரு பக்கம். ஒருவரையொருவர் பயந்தும் ஓடினார்கள், துவக்கு வைத்திருந்த எல்லோரையும் பயந்தும் ஓடினார்கள். அப்போது பட்டறையின் பெரிய குறை தெரிந்தது. நகையைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டலாம். காணி உறுதியைச் சட்டைப்பைக்குள் வைக்கலாம். ஒரு தொன் நெல்லை என்ன செய்வது? திரும்பி வந்தபோது சில வீடுகளில் பட்டறை எரிந்திருந்தது, சில வீடுகளில் கூட்டித் துடைத்து வெறுமையாக இருந்தது. வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் ஏற்ற காப்பு, துரத்தும் மனிசருக்கு ஏற்றதல்ல. அதற்குப் பிறகு நிறையப் பேர் சேமிப்பைத் தங்கமாக மாற்றினார்கள், தங்கத்தை அடகு வைத்து வயல் செய்யத் தொடங்கினார்கள். இந்தக் காயம் ஆழமானது. ஆனாலும் போர் நடந்துகொண்டிருந்த 1990களில் பாதை எப்போது மூடும் எப்போது திறக்கும் என்று தெரியாத நிலையில், திரும்பவும் பலகை செருகியவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் செருகினோம்.

நாலாவது, கடல். 2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிகம் பேர் செத்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை முழுக்க ஒரே செத்தவீடு. அதைப் பற்றிப் பேசும் இடத்தில் நெல்லைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே சொல்ல வேண்டியது கடலைப் பற்றியல்ல, கடலுக்குப் பிறகு வந்த வீட்டைப் பற்றி. முகாமில் ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா கொடுத்தார்கள்; 200 காசாக, 175 சாமானாக. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு உள்ளே தள்ளி வீட்டுத்திட்டங்கள் எழும்பின. வரைபடத்தில் ஒரு வீடு 500 சதுர அடி. ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, கக்கூஸ். நல்ல சீமெந்து, நல்ல ஓடு. கொடுத்தவர்கள் மனசறிந்துதான் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வரைபடத்தைக் கீறியவர் யாராக இருந்தாலும், இந்த வீட்டில் ஒரு தொன் நெல் எங்கே நிற்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்கச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை. வரிசை வரிசையாக ஆயிரம் வீடு. ஒன்றிலும் பட்டறைக்கு இடமில்லை.

ஐந்தாவது ஆள்தான் என் சந்தேகத்துக்குரியவர். அவர் பகலில் வந்தார், கூலி வாங்கிக்கொண்டு வந்தார், எல்லோரும் கைதட்டி வரவேற்றோம்: வெட்டுற மெசின்.

முன்பு கதிரை அரிவாளால் வெட்டி வயலிலேயே உப்பட்டியாகக் காயவிடுவார்கள். பிறகு கட்டிச் சுமந்து போராகக் குவித்துச் சூடு வைப்பார்கள். சூடு நாள்கணக்கில் நிற்கும். மாட்டை விட்டோ உழவு மெசினை ஓட்டியோ மிதிக்கும்போது நெல் பாதி காய்ந்திருக்கும். களவெட்டியில் தூற்றி அளந்து வீட்டுக்கு ஏற்றினால் ஒரு வெயில், இரண்டு வெயிலில் பல்லுச் சோதனையில் தேறிவிடும். வெட்டுற மெசின் இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஒரே மணித்தியாலத்தில் விழுங்கியது. காலையில் நின்ற பயிர் மத்தியானம் சாக்கில். ஆனால் அந்தச் சாக்கில் இருப்பது பச்சை நெல். நூற்றுக்கு இருபதுக்கு மேலேயும் ஈரம். அதை அப்படியே பட்டறையில் கொட்டினால் கிழமைக்குள் சூடேறி, மணம் மாறி, பூஞ்சணம் பிடிக்கும். காயவைக்க வேணும், காயவைக்கக் களவெட்டி இல்லை. றோட்டோரத் தாரில் பரப்பினால் பஸ்காரர் ஏசுவார். ஆள் பிடித்தால் கூலி. இத்தனைக்கும் நடுவே வரம்பில் லொறி நிற்கிறது. லொறிக்காரருக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை; ஈரத்துக்குக் கழிவு வெட்டிக்கொண்டு அங்கேயே காசைத் தருகிறார். மெசின்காரருக்கு ஏக்கர் கூலி இன்றைக்கே கொடுக்க வேணும். உரக்கடைக் கடன் நிற்கிறது. அடகு வட்டி நிற்கிறது. லீசிங்காரர் நேற்றே கோல் எடுத்துவிட்டார். நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல எவனுக்குத் துணிவு வரும்?

நெல் வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே காசாகிவிட்டதால், வீட்டுக்காரியின் சொல் செல்லுபடியாகும் எல்லை சுருங்கிப்போனது. இதை ஊரில் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நாரி முறிய அரிவாளால் வெட்டிய கூலிப் பெண்களைக் கேட்டால் மெசினை வாழ்த்துவார்கள், அதுவும் நியாயம்தான். அவர்களுடைய நாரியைப் பார்க்காமல் பட்டறையைப் பற்றி மட்டும் அழுவது போடியார் வீட்டு அழுகையாகிவிடும்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தவை. எங்கள் நெல் லொறியேறிப் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய மில்களுக்குப் போகிறது. அங்கே அவித்துக் குத்தித் தீட்டி, படம் போட்ட பையில் அடைத்து, அதே றோட்டால் திரும்பி வருகிறது. நெல் விளைத்தவர் சுப்பர் மார்க்கெட்டில் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து விலை கேட்கிறார். வீட்டில் நெல் இல்லாததால் ஊர்க் குத்து மில்லுக்கு வேலை இல்லை, ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். உரல் முற்றத்தில் கோழிக்குத் தண்ணி வைக்கும் தொட்டியானது. அந்து எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பிழையொன்றுமில்லை, அவர்களுக்கு என்னத்துக்கு?

2022இல் என்னத்துக்கு என்று தெரிந்தது.

அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் தடைசெய்தது. தொடர்ந்து வந்த பெரும்போகத்தில் கதிர் உயரவில்லை, நிறையவில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம். ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்டமுடியாது என்று நாடே கையை விரித்தது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை. ஒரு கிலோ நாட்டரிசி முந்திய ஆண்டு 100 ரூபாயளவில் விற்றது, 200ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கொழும்பில் இருக்கிறவர்கள் கஷ்டப்பட்டது விளங்குகிறது. அவர்களுக்கு வயல் இல்லை. எங்கள் ஊரில் மாசியில் ஐம்பது மூடை விற்றவர் ஆனியில் அரிசிக் கடை வாசலில் ஐந்து கிலோவுக்கு நின்றார். விற்ற காசு உரத்துக்கும் வட்டிக்கும் போயிருந்தது. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையில் இருந்த அந்தப் பள்ளத்தில்தான் பட்டறை அந்தக் காலம் நின்றது. விலை என்ன ஆட்டம் ஆடினாலும் உள்ளறையில் இருக்கிற நெல்லுக்கு அது கேட்காது.

ஊரில் சில வீடுகளில், முக்கியமாக வயசான பெண்கள் தனியாக இருந்த வீடுகளில், கொஞ்ச நெல் இருந்தது. அவர்களுக்கு வேறு தலையிடி. கரண்ட் இல்லை, டீசல் இல்லை. திறந்திருந்த ஓரிரு மில்லும் ஓடவில்லை. கோழித் தண்ணியை ஊற்றிவிட்டு உரலைக் கழுவினார்கள். குத்தத் தெரிந்தவர்களுக்குத் தோளில் வலுவில்லை. வலு உள்ள பேத்திகளுக்கு உலக்கையை எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. ஒருத்தி குத்திய குத்தில் அரிசி நொய்யாகப் போனது. நொய்யைக் கஞ்சியாக்கிக் குடித்தார்கள். அது ஒன்றும் வீணாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கைவிட்டதை இப்போது பணக்கார நாடுகள் தேடுகின்றன. 2024 நவம்பரில் சுவீடன் அரசாங்கம் போரோ பேரிடரோ வந்தால் வீட்டில் என்ன வைத்திருக்க வேணும் என்று புத்தகம் அச்சடித்து வீடுவீடாக அனுப்பியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், ஒவ்வொரு வீடும் 72 மணித்தியாலம் சொந்தக் காலில் நிற்கத் தயாராக இருக்க வேணும் என்றது. மூன்று நாள்! பெத்தாவிடம் சொல்லியிருந்தால், ‘மூண்டு நாளைக்கா மனே? அது விருந்தாளிக்குக் காணும்’ என்றிருப்பா. இலங்கையிலும் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது. சுனாமிக் கோபுரமும் எச்சரிக்கையும் ஒத்திகையும் வந்தன. எல்லாம் வேண்டியவை, ஓடச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்தானே அத்தனை பேரை இழந்தோம். ஓடிப்போய் உயிர் தப்பியவன் திரும்பி வந்து நாலாம் நாள் எதைச் சமைப்பான் என்பதற்கு மட்டும் கையேட்டில் ‘உலர் உணவு நிவாரணம்’ என்று எழுதியிருக்கும். நிவாரணம் வரும்தான். பிரதேச செயலகத்திலிருந்து பதிவுக்கு வருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், பெயர் விட்டுப்போனவர்கள் திரும்ப வரிசையில் நிற்பார்கள். பட்டறை நெல்லை எடுக்க யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் நாங்கள் தலை நிமிர்ந்து நின்றோம் என்று கிழவர்கள் பீற்றுவதில் பாதி பொய். மீதிப் பாதி இதுதான்.

போன பெரும்போக வெட்டு நேரம் எதிர்வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. அந்த வீட்டு மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. வயல் மருமகன் செய்கிறார். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் வாயாடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் இருவரும் நடுவில் மகளை நிறுத்திக்கொண்டு பேசினார்கள், தெருவுக்கே கேட்டது.

‘புள்ள, அஞ்சு மூடைய வீட்ட இறக்கச் சொல்லு.’

‘எங்க இறக்கிற எண்டு கேளு. விறாந்தைல மோட்டச்சைக்கிள் நிக்கி.’

‘மோட்டச்சைக்கிள வெளிய விடச் சொல்லு. அது என்ன, சோறு போடுதா?’

‘பச்ச நெல்லு. மூணு நாள் வெயில்ல போடணும். ஆரு காவல் இரிக்கிற?’

‘நான் இரிக்கன். எனக்கு வேற என்ன வேல?’

‘காஞ்சா மறுகா எங்க குத்துற? மில்லுக்கு ஓட்டோ புடிச்சாக் கூலி அரிசிய விடக் கூட.’

இதற்கு மாமி கொஞ்சம் யோசித்தா. பிறகு ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கினா. மருமகன் அசையவில்லை, லொறிக்காரர் தராசை மடித்துவிட்டு, முடிவைச் சொல்லுங்கோ என்ற பாவனையில் பீடி பற்றவைத்தார். இரண்டு என்றா மாமி. மகள் இரு பக்கமும் பார்த்துவிட்டு, தானே போய் லொறியின் பின்கதவைத் திறந்து, ஒரு மூடையை இழுத்துக் கீழே போட்டாள். வீடு அவள் பெயரில் இருப்பது அந்த நேரம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேணும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு மூடையை மாமி நாலு வெயில் காயவைத்தா. மீட்டர் ஒன்றும் இல்லை, பல்லும் இல்லை. தெருவால் போன என்னைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொன்னா. அது இப்போது பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் பரலுக்குள் மூடி போட்டு இருக்கிறது. அடுத்து வரும் சிறுபோக வெட்டுக்கு மூன்று மூடை என்று மகளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறா. மருமகன் காதில் விழுகிற மாதிரி.